கதிர்காமநாதனின் கைரேகைகள் கனடா போன விவரம்

கொழும்பு வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றில் விசாவுக்காகக் காத்திருந்த கதிர்காமநாதனின் கைரேகைகள், 1998ஆம் ஆண்டு மாரியில், அவருக்கு முன்பாகவே ரொறன்ரோ போய்ச் சேர்ந்தன. அங்கே அவருடைய மனைவி நேசமலர் வேலையால் வந்து பார்த்தபோது தேநீர்க் கோப்பை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அலுமாரியின் ஆடிய பிடி இறுக்கப்பட்டிருந்தது. மகளின் குளிர்ச்சட்டைக்குப் பொத்தான் தைக்கப்பட்டிருந்தது. பூட்டிய கதவு பூட்டியபடியே கிடந்தது. ஒரு பொத்தானுக்கு இத்தனை முடிச்சுப் போடுகிற ஆள் யாரென்று தெரிந்ததால் நேசமலர் பயப்படவில்லை. ஆனால் வெள்ளவத்தைப் பழக்கம் அவளை விடவில்லை. அங்கே வீட்டில் யார் வந்து தங்கினாலும் அன்றைக்கே பொலிசில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வந்தவரும் வீட்டுக்காரரும் சேர்ந்தே உள்ளே போக வேண்டும். எனவே அவள் பனியில் நடந்து போய், வீட்டுக்கு ஆள் வந்திருப்பதாகப் பொலிசில் சொன்னாள். ஆள் எங்கே என்று கேட்டார்கள். இன்னும் முழுக்க வரவில்லை என்றாள்.

கனடாப் பொலிசார் அதை வீடு புகுந்த கேஸாக எழுதிக்கொண்டார்கள். கோப்பையில் கறுப்புத் தூள் தடவி ரேகைகளை ஒட்டுநாடாவில் எடுத்தார்கள். அவை தங்கள் பதிவுகளில் இல்லாததால் இன்டர்போலுக்கு அனுப்பினார்கள். இன்டர்போல் கொழும்புக்கு அனுப்பியது. கொழும்பில் தேட நேரம் எடுக்கவில்லை. நகரத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் லொட்ஜ்களில் இருந்த தமிழ் ஆண்களை ட்ரக்கில் ஏற்றுவது வழக்கம் என்பதால், கதிர்காமநாதனின் பத்து விரல்களும் பலமுறை மையில் உருட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் குற்றமில்லை என்று அவரை விட்டார்கள். ரேகைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

விசாவுக்குக் குற்றப்பதிவு இல்லை என்ற பொலிஸ் சான்றிதழ் வேண்டும். வைகாசிக்குள் அது போகாவிட்டால் ஃபைல் மூடப்படும். அவர் கடைசியாகப் பார்த்தபோது மகளுக்குப் பல் முளைக்கவில்லை. இப்போது பல் விழத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டில் கேஸ் உள்ளவருக்குச் சான்றிதழ் இல்லை என்று பதில் வந்த நாளிலிருந்து அவர் பக்கத்துப் பகுதியான பம்பலப்பிட்டிவரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

"வெளிய போனா சாவியக் குடுத்துட்டுத்தானே போவீங்க ஐயா," என்றார் லொட்ஜ்காரர் பௌஸி. "கனடாவுக்குப் போன அண்டைக்கு மட்டும் ஏன் குடுக்கல்ல?"

"பகிடி விடாதையும் பௌஸி. நான் பம்பலப்பிட்டி தாண்டேல்லை."

தொலைபேசியில் மனைவியிடம் கோபப்பட்டார். "நீர் ஏன் பொலிசுக்குப் போனனீர்?"

"பதியாமல் விட்டால் உங்களையெல்லோ பிடிப்பாங்கள்," என்றாள் நேசமலர். அதோடு காசு முடிந்து தொலைபேசி அறுந்தது.

சித்திரையில் கைரேகைப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி சிங்களவர், தமிழைக் கொழும்பு லொட்ஜ்களில் விசாரித்தே பழகியவர். கடவுச்சீட்டைப் புரட்டினார், ஒரு முத்திரையும் இல்லை. விரல்களை மையில் உருட்டிக் கடதாசியில் பதித்தார். கோடில்லாத கறுப்பு வட்டங்கள்தான் விழுந்தன. மை பிழையோ என்று தன் விரலைப் பதித்தார். ரேகை அழகாக விழுந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது கதிர்காமநாதனின் விரல்நுனிகள் முந்திரிகைப் பழம்போல வழுவழுப்பாக இருந்தன.

"எங்க வெச்சது?" என்று கேட்டார்.

"அங்கைதான் சேர். பிள்ளையிட்டை."

அதிகாரி கனடாவுக்குச் செய்தி அனுப்பி விசாரித்தார். ரேகைகள் தினமும் விழுகின்றன, பிள்ளையின் படுக்கையறைச் சன்னலில் அதிகம், வீட்டுக்காரிக்கு முறைப்பாடு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஒருவன் தன் வீட்டுக்குள் புகுவதைக் குற்றமாக எழுதிய சட்டம் இரண்டு நாட்டிலும் கிடைக்கவில்லை. எனவே சான்றிதழில் இப்படி எழுதினார்: மேற்படி நபருக்கு எதிராகக் குற்றமில்லை. ரேகைகள் ஏற்கெனவே நாட்டைவிட்டுச் சென்றுவிட்டன. மீதி ஆள் செல்ல ஆட்சேபணை இல்லை.

தூதரகத்தில் இருந்த பெண் அதை வாசித்தாள், முத்திரை குத்தினாள், இப்படி மீதி ஆட்களுக்கு வேறு வரிசை என்று பக்கத்துச் சன்னலைக் காட்டினாள். அந்த வரிசை வாசலுக்கு வெளியே தெருவரை நீண்டிருந்தது. கதிர்காமநாதன் போய்க் கடைசியில் நின்றார்.