மலை இறங்குகிற வண்டி

பழைய சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பிரேக் டிஸ்க்கை நாற்காலி அக்கா, ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கண்ணாடி மேசைமேல் சட்டென்று இறக்கியபோது, கடைக்காரர் பதறிப்போய் அதை இரண்டு கையாலும் தூக்கி ஓர் அட்டையின் மேல் மாற்றி வைத்தார். "கண்ணாடி உடைஞ்சா அதுக்கு ஸ்பேர் நம்மகிட்ட கிடையாதும்மா" என்றார். அவள் சிரிக்கவில்லை. சேலையில் அப்பியிருந்த கரியைத் தட்டிவிட்டு, இதே அளவில் ஒரு ஜோடி டிஸ்க்கும் ஒரு செட் பிரேக் பேடும் வேண்டும் என்றாள். பிக்கப் வண்டி, முன்சக்கரம், சாயங்காலத்துக்குள் மாட்டியாக வேண்டும், நாளைக் காலை பள்ளிக்கூட விழாவுக்கு முந்நூறு நாற்காலி போக வேண்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

நாற்காலி வாடகைக்கு விடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைத்தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு இன்னொருவர் கடையில் நாற்காலி துடைக்கப் போனவள், இன்று சொந்தமாக எண்ணூறு நாற்காலியும் அறுபது மேசையும் ஒரு பிக்கப் வண்டியும் வைத்திருக்கிறாள். வண்டியை ஓட்டுவது தம்பி. அவளுக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் அவனுக்கு ஒரு பிடிப்பு இருக்கட்டும் என்று சாவியை அவனிடமே விட்டிருந்தாள். இன்றைக்கு அவன் லைசென்ஸ் புதுப்பிக்கப் போய் வரிசையில் நின்றதால் காலையில் அவள் வண்டியை எடுத்தாள். முதல் சிக்னலிலேயே பெடல் காலுக்கடியில் கடகடவென்று நடுங்கியது. நேராக மெக்கானிக் மீசையின் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மீசைக்கு மீசை கிடையாது. எப்போதோ இருந்ததாம், பெயர் மட்டும் மழிக்கப்படாமல் நின்றுவிட்டது. சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "தம்பி வரட்டுமேக்கா, அவனே பாத்து வாங்கிக்குவான்" என்றான். கொஞ்சம் பொறுத்து அதையே இன்னொரு தடவை சொன்னான். அவள் சாக்கை எடுத்து டிஸ்க்கையும் தேய்ந்த பேட்களையும் அதில் போட்டபோது மூன்றாவது தடவையும் சொன்னான். இவனுக்கு என்ன வந்தது, பொம்பளைக்கு இரும்புச் சாமான் வாங்கத் தெரியாது என்று நினைக்கிறானா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் பஸ் ஏறினாள்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, டிஸ்க்கை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். துணியால் ஓரத்தைத் துடைத்து அங்கே பொறித்திருந்த எண்ணைப் படித்தார். அளவுகோலை வைத்துக் கனம் பார்த்தார். இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் போடக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, இது அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டது என்றார். கடைசல் பிடித்து மட்டமாக்கி ஓட்டலாமா என்று கேட்டாள். அவர் விரலால் டிஸ்க்கின் முகத்தைத் தடவிக் காட்டினார். இரும்பில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு முடி மாதிரி விரிசல்கள் ஓடின. பேட்களின் விளிம்பில் சாம்பல் பூத்திருந்தது.

"வெந்துபோயிருக்கும்மா. தட்டைப் பாத்தாலே ஓட்டுறவன் ஜாதகத்தைச் சொல்லிடுவேன் நான். எந்த மலை?"

"மலையா? எங்க வண்டி ஊருக்குள்ளதான் ஓடுது. நாற்காலி ஏத்துற வண்டி."

"ஊருக்குள்ள ஓடினா தேயும். இப்படி நீலம் பாயாது. நல்ல லோடோட மலை இறங்கியிருக்கு. வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே கால வச்சிக்கிட்டு இறங்கினா இப்படித்தான் ஆகும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல."

"எங்க வண்டி மலைப்பக்கமே போனதில்லைங்க."

"நீங்க போனதில்லன்னு சொல்லுங்க. வண்டி போயிருக்கு" என்றார் கடைக்காரர். அவருக்கு அது ஒரு வேடிக்கை. வேறொருவர் போல்ட் கேட்டு வந்ததும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைதான். ஒன்றரை மணி நேரம் போனால் உச்சி. அங்கே அவர்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவளுக்குப் பதினாலு வயதும் தம்பிக்கு ஆறு வயதும் இருக்கும்போது, சட்டையை மாட்டிக்கொண்டு இதோ வந்துவிடுகிறேன் என்று கிளம்பிப் போன அப்பா. மலைமேல் தோட்டம் போட்டுக் காய்கறி பயிர் செய்கிறார் என்று பத்து வருஷத்துக்கு முன்பு யாரோ வந்து சொன்னபோது, அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டு, "யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டாள். நாலு வருஷத்துக்கு முன்பு அம்மா செத்த அன்று அந்த மனுஷர் வாசல்வரை வந்தார். அவரை உள்ளே விடாமல் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது தம்பிதான். அவள்கூட அன்றைக்குக் கொஞ்சம் தடுமாறினாள். அவன் தடுமாறவில்லை. எல்லாரும் போனபிறகு சமையலறைத் தரையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நமக்கு அப்பான்னு யாரும் கிடையாதுக்கா. நீதான் எனக்கு" என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் இந்த நாலு வருஷத்தை ஓட்டியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நாற்காலிக்கு ஆள் வராத நாள். போன வருஷத்திலிருந்து செவ்வாய்தோறும் சிநேகிதனின் காய்கறி மண்டிக்கு லோடு அடிக்கிறேன் என்று தம்பி வண்டியை எடுத்துப் போகிறான். சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பளிச் சட்டை கிடந்ததைப் பார்த்து, இந்த வெயிலில் இது எதற்குடா என்று கேட்டிருக்கிறாள். மண்டியில் குளிர் அறை இருக்கிறது என்றான். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? தூக்கி வளர்த்த பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேட்கவா முடியும்?

அப்புறம்தான் முட்டைக்கோஸ் ஞாபகம் வந்தது. செவ்வாய் சாயங்காலம் ஒரு பை நிறையக் காய் கொண்டுவருவான். கோஸ், கேரட், பீட்ரூட். மண்டியில் கொடுத்தார்கள் என்பான். இலை இலையாகப் பிரித்தால் ஒரு புழு இருக்காது. அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், இப்படி ஒரு கோஸ் நான் சாப்பிட்டதே இல்லை, அந்த மண்டிக்காரனுக்கு நல்ல கைடா என்று. தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு வருஷம்.

கடைக்காரர் திரும்பி வந்து டிஸ்க்கையும் இரண்டு பேட் பெட்டிகளையும் எடுத்து வைத்தார். டிஸ்க் ஒரே வகைதான், கொஞ்சம் கனமானதாகவே தருகிறேன், பேட்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். ஒன்று சாதா, ஊருக்குள் ஓட்டத்துக்கு, சத்தம் வராது. இன்னொன்று மலைக்கு. விலை கொஞ்சம் கூட, காலையில் முதல் பிரேக்குக்குக் கீச்சென்று கத்தும், ஆனால் எவ்வளவு சூட்டுக்கும் விடாது.

"சாதாவைப் போட்டு மலை இறங்கினா?"

"முதல் அஞ்சாறு வளைவு பிடிக்கும். அப்புறம் சூடேறிப்போய் கால் மிதிக்கும், வண்டி நிக்காது."

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"வரிசை நகருதா?"

"எங்கக்கா. ஆமை வேகம். என்ன விஷயம்?"

"வண்டில பிரேக் போச்சு. டிஸ்க்கும் பேடும் வாங்க கடைக்கு வந்திருக்கேன்."

"நீ ஏன்க்கா போன? நான் வந்து பாத்துக்க மாட்டேனா?"

"பேடு ரெண்டு வகை இருக்காம்டா. ஊருக்குள்ள ஓட்ட ஒண்ணு. மலை இறங்க ஒண்ணு. எது வாங்கட்டும்?"

"நாம எங்கக்கா மலைக்குப் போறோம்? சாதாவே வாங்கு."

"சாதாவைப் போட்டு மலை இறங்கினா பாதி வழியில பிரேக் பிடிக்காதாம். கடைக்காரர் சொல்றாரு. நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் காத்திருந்தாள். கதவை அவளே திறந்து வைத்திருந்தாள், அவன் ஒரே ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும். அக்கா, உன்கிட்ட ஒரு விஷயம் என்று ஆரம்பித்தால் போதும். அதற்கப்புறம் அவனைத் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாள். ஐந்தாம் நாள் சோறு போட்டிருப்பாள்.

"நாமதான் போகலையேக்கா. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் தம்பி.

போனை வைத்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். போனான், வந்தான், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உயிரே போனாலும் சரி, இவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடக்கூடாது என்று நினைத்துவிட்டானே. அப்படி என்ன செய்துவிட்டாள் அவள்? "சாதாவே குடுங்க" என்றாள். அவன் கேட்டதைத்தானே கொடுக்கிறாள். கடைக்காரர் டிஸ்க்குகளோடு அந்தப் பெட்டியையும் பையில் போட்டுவிட்டார். அவளும் பையை வாங்கிக்கொண்டு படிவரை வந்துவிட்டாள். இரண்டாவது படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து பையை மேசைமேல் வைத்தாள். "இந்தப் பேடு வேணாம். அதைக் குடுங்க."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் கடைக்காரர். மெக்கானிக் மாற்றி மாட்டிவிடக்கூடாதென்று, பெட்டியின் மேல் தடித்த பேனாவால் 'மலை' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அந்த எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டே வந்தாள். மனசு இளகித்தான் அதை வாங்கினாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்கு ஆத்திரம்தான் வந்திருக்கும். கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

பட்டறையில் தம்பி அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். வரிசையை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மீசையும் அவனும் ஏதோ பேசிக்கொண்டிருந்து, அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். அவள் டிஸ்க் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, பேட் பெட்டியைத் தம்பி கையில் கொடுத்தாள். அவன் அதைப் படித்தான். ஒரே ஒரு சொல்தான், அதைப் படிக்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஆனது. மீசை அவன் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு சக்கரத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான்.

"எப்பக்கா தெரியும்?"

"உனக்குப் போன் பண்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி."

"அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா?"

"நீயும் தெரிஞ்சுக்கிட்டேதானே பதில் சொன்ன."

தம்பி கீழே பார்த்தான். பட்டறைத் தரையில் எண்ணெயும் மரத்தூளும் கலந்து கிடந்தன. "அவருக்கு முன்ன மாதிரி முடியலக்கா. மூட்டையைத் தூக்கி பஸ்ல போட்டு மண்டிக்குக் கொண்டுவர ஆளில்ல. அவருக்கு யாருமே இல்லக்கா."

"நமக்கு யாருடா இருந்தா?"

மீசை ஸ்பேனரை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டு எடுத்தான். அவள் கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வந்த கேள்வி வாயில் வந்துவிட்டது.

"அந்தக் கோஸ் எல்லாம்?"

"உனக்குன்னு தனியா எடுத்து வைப்பாரு" என்றான் தம்பி மெதுவாக. "மொத அறுப்புல நல்லதா பாத்து. போன வாரம் சாப்பிட்டாளா, என்ன சொன்னான்னு கேப்பாரு. நீ சொன்னதை அப்படியே சொல்லுவேன்."

"அப்போ நான் சாப்பிடறது அவருக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"மீசைக்கும் தெரியும்."

தம்பி மீசை பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என் வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள். குரல் உடைந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்த மனுஷர் முன்னால் ஒரு நாள்கூட அழாதவள், பட்டறையில் நின்று அழுகிறாள். இருபத்து நாலு வருஷமாக, பட்டினி கிடந்தாலும் உன் கையால் வாங்கித் தின்ன மாட்டேன் என்று மனசுக்குள் அவரிடம் சொல்லிக்கொண்டே வாழ்ந்தவளுக்கு, அவர் வாரம் தவறாமல் ஊட்டிவிட்டிருக்கிறார். ஊட்டிய கை தம்பியுடையது.

மீசை வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினான். இரண்டு சக்கரமும் மாட்டியாயிற்று. கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, யாரைப் பார்த்தும் பேசாமல் பொதுவாக, "யாராச்சும் ஏறி பெடலை மிதிங்க. புது பேடு, மொதல்ல ஒண்ணும் பிடிக்காது. கெட்டியாகுற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்றான். தம்பி வழக்கம்போல் ஓட்டுநர் கதவை நோக்கி ஓர் அடி வைத்தான். அதற்குள் அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சாவி வண்டியிலேயே தொங்கியது. அதை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

தம்பி சுற்றிக்கொண்டு வந்து வண்டிக்கு நேர் எதிரே, பம்பரைத் தொடுகிற மாதிரி நின்றான். "தள்ளி நில்லுப்பா, பிரேக் இன்னும் ஏறல" என்றான் மீசை. அவன் நகரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனுடைய வாய் அக்கா என்று சொன்னது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அவள் பிரேக்கை மிதித்தாள். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போய் முட்டியது. காலை எடுத்து மறுபடி மிதித்தாள். மறுபடியும் தரை. மூன்றாவது தடவையும் அப்படித்தான் போயிற்று.

"விடாம மிதிங்கக்கா, பிடிக்கும்" என்றான் மீசை.

அவள் தம்பியைப் பார்த்தபடியே மிதித்துக்கொண்டிருந்தாள்.