எட்மண்ட் செய்யாத போன்

போலீஸில் சூப்பரிண்டெண்ட் வரை உயர்ந்து ஓய்வு பெற்ற எட்மண்ட், மலேசியாவின் போர்டிக்சனில் ஒரு தனியார் கல்லூரியில் குற்றவியல் நீதி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அன்று வகுப்பு முடிந்து, கைப்பிடியைப் பிடித்தபடி மாடியிலிருந்து இறங்கினார். படிக்கட்டுக்குக் கீழே தாயம்மா நின்றிருந்தாள். சுவா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் இருவரும்.

"அண்ணே, அர்ச்சுனன பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. எண்ணெய் ஆலைக்குன்னு அவன் லோரியில ஏத்துனது திருட்டுச் செம்பனைக் குலையாம். என் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க லா."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே தேய்ந்துபோனவர் அவர். கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் தோட்டத்து ஆள் யாராவது ஓரமாகக் கூட்டிப்போய் இதைத்தான் கேட்பார்கள். தாயம்மாவை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார்.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் எலெய்ன் எழுந்து நின்றாள். அவரிடம் படித்தவள்; இன்னும் ‘துவான்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள்.

"மன்னிக்கணும், துவான். விசாரணை நடக்குது. லாயரத் தவிர யாரையும் உள்ள விட முடியாது."

யார் வந்து கேட்டாலும், பழைய அதிகாரியே வந்தாலும், விடக் கூடாது என்று வகுப்பில் சொன்னதே அவர்தான். ஆனால் மாவட்டப் போலீஸ் தலைவர் ஒருகாலத்தில் அவருக்குக் கீழே இருந்தவர். ஒரு போன் போதும். போனைக் கையில் எடுத்தார். தாயம்மாவின் கண் அதிலேயே இருந்தது. மேலிருந்து வந்த போன்களால் கையைவிட்டுப் போன வழக்குகள் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அவர் கூப்பிட்டது சட்ட உதவி லாயரை.

"அவ்வளவுதானாண்ணே?" என்றாள் தாயம்மா.

திரும்பும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

மறுநாள் அர்ச்சுனனுக்கு ரிமாண்ட் போட்டார்கள். லாயர் விடாமல் அலைந்தார். குலையை ஏற்றச் சொன்ன மண்டோர், தோட்டத்து மேஸ்திரி, பிடிபட்டதும், அர்ச்சுனனை வழக்கில்லாமல் வெளியே விட்டார்கள். தாயம்மா வந்து சொல்லவில்லை. எலெய்ன்தான் கல்லூரிக்கு போன் போட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு வைக்காமல் தயங்கினாள்.

"துவான், அன்னிக்கு நீங்க மாவட்டப் பெரியவருக்கு போன் பண்ணியிருந்தா, நான் கதவத் திறந்து விட்டிருப்பேன். எனக்கு வேற வழி இருந்திருக்காது."

"தெரியும்மா," என்றார் எட்மண்ட்.

மாணவர்கள் வகுப்புக்குள் போகும் சத்தம் கேட்டது. நாற்காலியை விட்டு எழ அவருக்கு மனமே இல்லை. மேஜையைப் பிடித்து எழுந்து, வகுப்புக்குப் போனார்.