கல்லுக்கு ஏது வால்வு

அழைப்பு மணியைத் தொடுவதற்குள் தங்கை கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் வாயைக் கட்டிக்கோ. அவர் என்ன செஞ்சிருந்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லு."

"நல்லா இல்லைன்னா?"

"நல்லா இருக்குன்னு சொல்லு."

விஷயம் அக்காவுக்குத் தெரியும். மாப்பிள்ளை காகித ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஆலையை மூடியதிலிருந்து சோபாவே கதி. முகச்சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. டிவி ஓடும், பார்க்கமாட்டார். தங்கை கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், ஓய்ந்துபோனாள். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள் எழுந்து கொல்லைப்புறத்தில் குழி வெட்டி, சுற்றிலும் கல் அடுக்கி, நெருப்பு மூட்டிச் சமைக்க ஓர் இடம் கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோழி சுடுகிறோம், வந்துவிடு என்று ஆலையில் கூட வேலை பார்த்த ஃபிட்டரைத் தானே போனில் அழைத்தும் இருக்கிறார். இப்போது யாராவது ஒரு குறை சொன்னால் மனிதர் மறுபடி சோபாவில் போய் விழுந்துவிடுவார் என்பது தங்கையின் பயம். அந்த யாராவது பெரும்பாலும் அக்காவாகத்தான் இருப்பாள்.

வீட்டில் அவளுக்குக் 'காது டாக்டர்' என்று பட்டப்பெயர். டாக்டர் இல்லை, மருத்துவமனையில் காது கேட்கிறதா என்று சோதிக்கும் வேலை. ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டதும் கையைத் தூக்கச் சொல்லவேண்டும். அந்தப் பழக்கத்தில் மற்றவர்கள் கவனிக்காத சத்தமெல்லாம் அவள் காதில் விழும். விழுந்தால் சும்மா இருக்கவும் வராது. இந்த வீட்டு ஃப்ரிட்ஜ் சீக்கிரம் போய்விடும் என்று சொன்னவள் அவள்தான். அது அந்த வாரமே போனதைத் தங்கை இன்னும் மன்னிக்கவில்லை.

கொல்லைப்புறத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குழி மரத்தைவிட்டும் வேலியைவிட்டும் நன்றாகத் தள்ளி இருந்தது. சுற்றிலும் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கி இருந்தார். கைக்கெட்டும் இடத்தில் ஒரு வாளி மணல், குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸ், நீளமான இடுக்கி. பச்சைக் கறிக்கு ஒரு தட்டு, வெந்ததற்கு வேறு தட்டு. கற்கள் எல்லாம் வழவழவென்று, உருண்டு திரண்டு, பார்க்கவே அழகாக இருந்தன.

"எப்படி அக்கா இருக்கு?" என்றார் மாப்பிள்ளை. சவரம் செய்திருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை." அவள் மனதாரவே சொன்னாள்.

ஃபிட்டர் வரும்போதே சத்தமாக வந்தார். "என்னய்யா பாய்லரு! ஆலையே மூடினாலும் நீ நெருப்பை விடமாட்டே போலிருக்கே!"

"நான் விட்டாலும் அது என்னை விடமாட்டேங்குதே."

மாப்பிள்ளை சிரித்தார். அடுக்களை ஜன்னலில் தங்கையின் முகம் தெரிந்து மறைந்தது.

விறகு எரிந்து கங்கானதும் மாப்பிள்ளை கம்பி வலையில் கோழியைப் பரப்பினார். எட்ட விரித்திருந்த பாயில் தங்கை மகள் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். கொழுப்பு சொட்டுவதும், அது கங்கில் பட்டுச் சீறுவதும், ஃபிட்டரின் பேச்சும் கலந்து கேட்டன. அவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது.

அக்கா தலையைச் சாய்த்தாள். கொழுப்பின் சீறல் இல்லை. அது வரும், போகும். இது நூல் இழுத்ததுபோல, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவள் குழியைச் சுற்றி நடந்தாள்.

"என்னக்கா, நெருப்பு உங்க காதுல ரகசியம் சொல்லுதா?" என்றார் ஃபிட்டர்.

"சொல்லுது. யார் வாய்னுதான் தெரியல."

தெரிந்துவிட்டது. உள்வரிசையில் ஒரு சாம்பல் நிறக் கல். அதில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அந்த விரிசலின் உதட்டில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. கல் கொதித்துக்கொண்டிருந்தது! இத்தனை வயதில் அவள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கல்லுக்குள் தண்ணீர் எப்படிப் போனது? போனது எப்படித் திரும்பி வருகிறது? பக்கத்துக் கல் ஒன்று 'டிக்' என்றது. அதில் விரிசலே இல்லை.

"மாப்பிள்ளை, இந்தக் கல்லெல்லாம் எங்கே கிடைச்சுது?"

"ஆத்துலதான். இந்தப் பக்கம் நேத்து சரிஞ்சுபோச்சு. காலைல போய்த் தண்ணிக்குள்ளேயிருந்து புதுசா எடுத்துட்டு வந்து அடுக்கினேன். ஏன்?"

கொல்லைக் கதவில் தங்கை வந்து நின்றாள். "அக்கா, உள்ளே வா. வெங்காயம் நறுக்கணும்."

"வர்றேன்டி. ஒரே ஒரு சந்தேகம்."

"ஒண்ணும் வேண்டாம், வா."

அக்காவுக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. அந்த மனிதர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது! ஆனால் 'டிக்' மறுபடி கேட்டது. குழந்தை பாயில் இருந்தது.

"இல்ல மாப்பிள்ளை, இந்தக் கல்லுக்குள்ளே தண்ணி கொதிக்குது. விரிசல் இருக்கு, ஆவி வெளியே வந்துடுது. விரிசலே இல்லாத கல்லா இருந்தா அந்த ஆவி எங்கே போகும்?"

"கல்லுக்குள்ளே ஏதுக்கா..." என்று சிரிக்கத் தொடங்கியவர் குனிந்து பார்த்தார். குமிழிகளைப் பார்த்தார். கையில் இருந்த இடுக்கி அப்படியே நின்றது.

"ஆவி போக வால்வு இல்லையே," என்றார் தனக்குள்.

அடுத்த கணம் வந்த குரல் அந்த வீட்டில் யாரும் கேட்டிராதது. இயந்திரங்களின் இரைச்சலை மீறிப் பழகிய குரல். "எல்லாரும் உள்ளே! இப்பவே! நெருப்புக்கு முதுகைக் காட்டிட்டு ஓடு!" மகளை அள்ளி இடுப்பில் போட்டுக்கொண்டார். ஃபிட்டர் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் குரலுக்கு எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவர். தங்கைதான் ஹோஸை எடுத்தாள்.

"தண்ணி பீச்சட்டுமா?"

"ஐயோ வேண்டாம்!" என்று கத்தினார் மாப்பிள்ளை. "சூட்டுக் கல்லுல பச்சைத் தண்ணி பட்டா அதுவே தெறிக்கும். தானா அணையட்டும்."

"கோழி?"

"கோழி போகட்டும்டி!"

கதவைச் சாத்தி, ஜன்னல் பக்கம் போகாமல், நடையில் நெருக்கியடித்து நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கோழியின் நல்ல வாசனை மெல்லக் கருகல் வாசனை ஆனது. தங்கை கண்ணாலேயே 'இப்ப சந்தோஷமா?' என்று கேட்டாள். அக்கா சுவரைப் பார்த்தாள். தேவையில்லாமல் வாயைத் திறந்துவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது.

பட்டென்று ஒரு வெடிச்சத்தம். ஏதோ ஒன்று கொல்லைக் கதவில் வந்து மோதியது. குழந்தை அழத் தொடங்குவதற்குள் இன்னொன்று வெடித்தது.

கங்கு சாம்பலாகி, வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லாமல் போகும்வரை மாப்பிள்ளை யாரையும் வெளியே விடவில்லை. அதற்குள் தங்கை அடுப்பில் முட்டை பொரித்தாள், ரொட்டி வாட்டினாள். பிறகு மாப்பிள்ளை மட்டும் போனார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல் சில்லை இடுக்கியில் பிடித்துத் தட்டில் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். ஓரம் கத்திபோல இருந்தது.

"பாயில ஒண்ணு கிடக்கு, இதைவிடப் பெருசு," என்றார்.

தங்கை, "பரவாயில்லைங்க, தெரியாமத்தானே..." என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"தெரியாமலா? வால்வைப் பாக்காம ஒரு நாள் நான் பாய்லரைக் கொளுத்தினதில்லை. இங்கே சுத்தி பாய்லரா அடுக்கி, நடுவுல நெருப்பு வச்சிருக்கேன்."

"அத்தனை பாய்லருக்கும் எந்த இன்ஸ்பெக்டர்யா கையெழுத்துப் போட்டான்?" என்றார் ஃபிட்டர்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. எழுந்து சோபாவுக்குப் போகவும் இல்லை. நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அக்கா, அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு? செஞ்சு காட்டுங்க."

அக்கா பல்லைக் கடித்து, இடுக்கில் காற்றை விட்டுக் காட்டினாள். ஃபிட்டர் முயன்றபோது எச்சில்தான் தெறித்தது. ஆற்றுக் கல்லை வெயிலில் காயவைத்தால் போதாதா என்றார் ஃபிட்டர். உள்ளே காய்ந்துவிட்டதென்று வெளியிலிருந்து எப்படி நம்புவாய், உலைக்குப் போடும் செங்கல்தான் சரி என்றார் மாப்பிள்ளை. அதற்கு ஃபிட்டர் ஒன்று சொல்ல, இவர் மேஜையில் விரலால் குழி வரைந்து, புகை போகும் வழியும் வரைந்தார். குரல் ஏறிக்கொண்டே போனது.

"எப்பக்கா நிறுத்துவாரு?" என்று தங்கை காதோரம் கேட்டாள்.

"உனக்கென்ன அவசரம்?" என்றாள் அக்கா.

தங்கை முட்டையை வைக்க வந்தாள். தட்டில் கல் இருந்தது. மாப்பிள்ளை பேச்சை நிறுத்தாமலே கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தட்டை நீட்டினார்.