அந்தோணியாரும் இருபது மீட்டர் கம்பமும்

“காத்து அடங்கணும்னு மட்டும் வேண்டப்படாது, சொல்லிப்புட்டேன்!”

“அடங்காட்டி கடலுக்கு ஒங்க அய்யாவா போவாரு?”

“ஒரு வருசம் பொறுத்தா என்ன?”

“வயித்தப் பொறுக்கச் சொல்லு, நான் பொறுக்கேன்!”

லீமாரோசும் அவள் புருசன் எட்வர்ட்டும் கோயில் வாசலில் வைத்தே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசி முடிக்க மற்றவர் காத்திருக்கும் பழக்கம் அந்த வீட்டில் கல்யாணத்தன்றோடு சரி. உள்ளே உபதேசியார் வேதநாயகம் அந்தோணியார் சுரூபத்துக்கு மாலை சாத்திவிட்டு, தூக்க ஆள் வராமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மாரியூருக்கு மேற்கே இருக்கும் அந்தக் கரையில் ஆனி பிறந்தால் கச்சான் காற்று எழும்பிவிடும். வள்ளம் இறக்க முடியாது. அதனால் அந்தோணியார் திருநாள் முடிந்த கையோடு சுரூபத்தைக் கரைக்குத் தூக்கிப்போய், கடலைப் பார்க்க நிறுத்தி, காற்று அடங்கச் செபமாலை சொல்வார்கள். அடங்கும்வரை அவருக்கும் வெயில்தான். காலங்காலமாக நடப்பது, யாரும் குறுக்கே நின்றதில்லை.

எண்பத்தேழாம் வருசம் குறுக்கே நின்றது ஒரு கம்பம். மாசியில் சென்னையிலிருந்து ஜீப்பில் வந்த இன்ஜினியர் வரதராசன் நட்டுவிட்டுப் போனது. இருபது மீட்டர் உயரம். உச்சியில் காற்றின் வேகத்தை அளக்க மூன்று கிண்ணங்கள் சுற்றும்.

“இந்த ஜில்லாவுக்கே காத்துலேருந்து கரண்ட் எடுக்க முடியுமான்னு பாக்குறோம்மா. ஒரு வருஷம் காத்து நல்லா அடிச்சா காற்றாலை வந்துடும். சராசரி குறைஞ்சுதுன்னா திட்டம் கிடையாது” என்று சொல்லியிருந்தார்.

அதிலிருந்து லீமாரோஸ் கிண்ணத்தைப் பார்த்தே சோறு தின்றாள். வீட்டு விளக்கு அவளுக்குப் பெரிதில்லை. கரண்ட் வந்தால் கரையிலேயே ஐஸ் போடலாம். இப்போது சாயல்குடியிலிருந்து பஸ் கூரையில் வரும் ஐஸில் பாதி, வழியிலேயே உள்ளே இருப்பவர்கள் தலையில் சொட்டிவிடும். மத்தியானத்துக்குள் ஏவாரி கேட்ட விலைக்கு மீனைத் தள்ளாவிட்டால் நாறிப்போகும்.

“உபதேசியாரே, அவரு இந்த ஒரு வருசம் உள்ளயே இருக்கட்டுமே!”

“கோவிச்சுக்கிடுவாரும்மா.”

“கரண்ட் வரட்டும், சீரியல் பல்பு போடுறேன்னு சொல்லுங்க.”

“பாருங்க அக்குறும்ப, புனிதருக்கே லஞ்சம் குடுக்குறா!” என்றான் எட்வர்ட்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. வள்ளக்காரர்கள் காற்று வேண்டாம் என்றார்கள். மீன்கூடை சுமக்கும் பொம்பளைகள் வேண்டும் என்றார்கள். “புயலே வரட்டும், கிண்ணம் இன்னும் நல்லாச் சுத்தும்” என்றாள் மிக்கேலம்மாள். அவள் வீட்டுக்காரர் அவளோடு பேச்சை நிறுத்தினார். அது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது.

கடைசியில் உபதேசியார்தான் ஒரு வழி சொன்னார்.

“கீழ உள்ள காத்து அடங்கட்டும். மேல உள்ளது அடிக்கட்டும். இருபது மீட்டருன்னு அளவு சொல்லியே வேண்டுவோம்.”

“அந்தோணியாருக்கு மீட்டர் கணக்குத் தெரியுமா?”

“வெளிநாட்டுக்காரருதான? எல்லாம் தெரியும்.”

அப்படியே நடந்தது. ‘கம்பத்தின் கீழே சாந்தமும் உச்சியிலே பலமும் தந்தருளும்’ என்று செபமாலைக்கு நடுவே சேர்த்துச் சொன்னார்கள். கச்சான் எப்போதும்போல ஆவணி வரைக்கும் அடித்துவிட்டு, எப்போதும்போல ஓய்ந்தது. இரண்டு கட்சியும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன.

மறு மாசியில் ஜீப் வந்தது. வரதராசனுக்கு முகமெல்லாம் பல்.

“பிரமாதம்மா! நாங்க நினைச்சதுக்கும் மேல. முழுக்க சாத்தியம்னு எழுதியாச்சு. வரிசையா காற்றாலை நிக்கப்போகுது!”

லீமாரோஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு புருசனைத் திரும்பிப் பார்த்தாள். “பாத்தீகளா? நான் சொன்னப்ப என்னா ஆட்டம் ஆடுனீக!”

“சரி, சரி. ஐஸ் பெட்டிய எங்கன வைக்கலாம்னு பாரு” என்று எட்வர்ட்டும் சிரித்துவிட்டான்.

“எப்ப சார் கரண்ட் வரும்?” என்று கேட்டாள்.

“எங்க?”

“இங்கனதான்.”

“இங்கயா? இல்லம்மா. இது நேரா ராமநாதபுரம் போய் மதுரை லைன்ல சேந்துடும்.”

“கம்பி எது வழியாப் போகும்?”

“உங்க ஊருக்கு மேலதான்!” என்றார், ஏதோ ஊருக்கு மரியாதை செய்கிற மாதிரி.

“அதுல ஒண்ண இங்கன இறக்கப்படாதா?” என்று எட்வர்ட் கேட்டான்.

“அது வேற டிபார்ட்மென்ட் சமாச்சாரம். தனியா மனு குடுங்க. இந்த ஊருக்குக் கரண்ட் குடுக்குறது சாத்தியமான்னு அவங்க ஒரு வருஷம் ஆய்வு பண்ணுவாங்க. எல்லாத்தையும் அளந்து பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க.”

டிரைவர் ஜீப்பைக் கிளப்பினான். லீமாரோஸ் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“காத்தத்தான் அளந்துட்டீக. இனி எத சார் அளப்பாக, எங்க மீனு நாறுறதையா?”