கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்

கால்பந்தில் கோல்காப்பாளருக்குக் கையைவிடக் குரல்தான் முக்கியம். மைதான மூலையிலிருந்து உதைக்கும் கோர்னரில் பந்து உயர்ந்து வரும்போது பத்துப் பேர் ஒன்றாகத் துள்ளுவார்கள். காப்பாளர் "என் பந்து!" என்று கத்தினால்தான் சொந்த அணியினர் விலகி வழிவிடுவார்கள். கத்தாவிட்டால் மோதல்தான்.

பாரிஸில் பிறந்து, டென்மார்க் கழகமொன்றுக்குச் சம்பளத்துக்கு ஆட வந்த தபிதாவுக்கு 2009 மே மாதத்தில் அந்தக் குரல் போய்விட்டது. போரை நிறுத்தச் சொல்லிக் கோபன்ஹேகனில் இரண்டு நாள் கத்தியிருந்தாள். பெற்றோர் பிரான்சுக்குப் போனபோது வன்னியில் தங்கிவிட்ட அக்கா இப்போது முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தாள். தபிதா அவளை நேரில் கண்டதேயில்லை. தொலைபேசியில் வரும் குரல்தான் அக்கா. அது நின்று மூன்று கிழமை.

"தொண்டையை அங்கை குடுத்திட்டு என்னத்தைக் கொண்டு விளையாடப்போறாய், பிள்ளை?" என்றார், கழகம் இருந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரில் அவளுக்கு அறை கொடுத்திருந்த இன்பமலர் மாமி.

"கையிருக்குத்தானே, மாமி," என்றாள் வெறுங்காற்றாக.

அன்றைய ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எதிரணிக்குக் கோர்னர். தபிதா பாய்ந்தாள்; வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆனாலும் முன்னால் நின்ற அணித்தோழி மெத்தெ சட்டென்று விலகினாள். பந்து கைக்குள் வந்தது. வென்றார்கள்.

"நான் கத்தவில்லையே, ஏன் விலகினாய்?" என்று தபிதா கிசுகிசுத்தாள்.

"கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். நீ வீட்டாரோடு பேசும் மொழியில்."

அங்கே வேலியும் வயலும்தான் இருந்தன. அக்காவின் குரல் தொலைபேசியில்தான் வரும் என்றிருந்தவரை, அவள் உயிரோடிருப்பதாக நம்ப முடிந்தது; இப்போது அது தொலைபேசி இல்லாமலே வந்திருக்கிறது. தபிதா மெத்தெயின் கையைப் பற்றினாள்.

"யாரோ பார்வையாளர் என்று சொல்."

மெத்தெ வேலியைப் பார்த்தாள்.