சோபாவுக்கு ஏழாண்டு அரியணை

வாருங்கள், பெருமக்களே! ஒரு வீட்டின் கூடத்தில் நடக்கும் அநியாயத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள். அரக்கு நிற சோபா ஒன்று ஏழு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் உறைக்குள் சொகுசாக வீற்றிருக்கிறது. அதை வாங்கியவர்களோ தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

வாங்கியவர் ஒரு பேருந்து ஓட்டுநர். மகள் படிப்பு முடியட்டும், உறையைக் கழற்றலாம் என்றார்; முடிந்தது. பதவி உயர்வு வரட்டும் என்றார்; வந்தது. இப்போது, பெரிய வீட்டுக்குப் போகட்டும் என்கிறார். போதாக்குறைக்கு, பேருந்துக் கண்ணாடிக்குப் பூசும் பாலிஷை ஞாயிறுதோறும் அந்த உறையின் மேலும் தேய்த்துப் பளபளக்க வைப்பார்.

அவர் மனைவி சலவைக் கடையில் பத்து மணி நேரம் நின்றபடி இஸ்திரி போடுகிறவள். கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

இந்த ஞாயிறும் பாலிஷ் நடந்தது. பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன் வாயை அடக்கவில்லை. "மாமா, இந்த வீட்ல சோபாதான் ஓனரா? நீங்க வாடகைக்கு இருக்கீங்களா?"

"போடா! நாலு பேர் வந்தா மதிக்க வேணாமா?" என்றபடி ஓட்டுநர் கை கழுவப் போனார்.

தடால்!

ஓடிவந்தார். மனைவி தரையில் கிடந்தாள். குனிந்து தரையில் உட்கார வீங்கிய கால்கள் இடம் கொடுக்காததால், முதன்முறையாக அந்த உறைமேல் அமர்ந்து பார்த்திருக்கிறாள். பாலிஷ் வழுக்கித் தள்ளிவிட்டது.

ஓட்டுநர் அவள் அருகே மண்டியிட்டார். இடுப்பெலும்பு போயிற்றோ? வராத நாலு பேருக்காக, இருக்கிற ஒருத்தியை முடமாக்கிவிட்டேனோ?

"எங்கே வலிக்குதும்மா? சொல்லேன்!"

அவள் இடுப்பை அசைத்துப் பார்த்தாள். காலை மடக்கி நீட்டினாள். பிறகு குலுங்கிச் சிரித்தாள்.

"ஒண்ணும் ஆகலைங்க. சோபாவுக்குத்தான் என்னைப் பிடிக்கலை."

போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. காய் நறுக்கும் கத்தியை எடுத்தார். உறை சரசரவென்று கிழிந்தது.

"மெதுவா மாமா, பஞ்சையும் சேர்த்துக் கிழிச்சிடாதீங்க!"

மனைவியைத் தூக்கி உட்காரவைத்து, அருகில் அமர்ந்து, வீங்கிய கால்களைத் தன் மடியில் ஏந்திக்கொண்டார். மெத்தென்றிருந்தது. இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் "அப்பாடா" வந்தது.

கண்டீர்களல்லவா? இனி உங்கள் வீட்டுக்குப் போங்கள். எந்த நாளுக்காகவோ மூடிவைத்த உறையை இன்றே கிழியுங்கள். உழைத்துக் களைத்து வருகிறவர்களை அதில் முதலில் உட்காரவையுங்கள்!