நியாபோக்கேயின் 58-ஆம் எண் வண்டி

புது ஆட்டம் மூன்று முறை தள்ளிப்போனது. ஈஸ்டருக்கு என்றார்கள். பிறகு ஜூன் என்றார்கள். ஆகஸ்டில் ஒருவழியாக வந்தபோது, வரும் என்று சொல்லியிருந்த முக்கியமான வசதி அதில் இல்லை.

நைரோபியின் மட்டாட்டு மினி பஸ்களை ஓட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு அது. செய்ததும் இங்கேதான், கிலிமானியில் ஒரு கம்பெனி. பழைய ஆட்டத்தில் நாமே வண்டி வாங்கலாம், வண்ணமடிக்கலாம், பயணிகளை ஏற்றவும் இறக்கவும் நம் குரலையே பதிவு செய்யலாம். அந்த வண்டி அப்படியே புது ஆட்டத்துக்கு வந்துவிடும் என்று ஒன்றரை வருடம் விளம்பரம் செய்தார்கள். அதை நம்பி ஜூலையில் பணம் கட்டினேன்.

என் மனைவி நியாபோக்கேயின் வண்டி 58-ஆம் எண், புருபுருவிலிருந்து டவுன் வரை. மஞ்சள் நிறம். பின்பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட நீர்யானை. அதன் கீழே, ‘அவசரமா? நேற்றே கிளம்பியிருக்கலாமே’. பிப்ரவரியில் அவள் இறந்தாள். மூளைக்காய்ச்சல், நான்கு நாள். உரிமையாளர் வராவிட்டாலும் ஆட்டத்தில் வண்டி தானாக ஓடும். ஆறு மாதமாக அவள் குரலில் ஆள் கூப்பிட்டபடி அது ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனி இரண்டு வரி அறிவித்தது. வண்டியை மாற்றும் வசதி பின்னர் வரும். பழைய ஆட்டம், ஓடும் பயணங்கள் முடிந்ததும், சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மூடப்படும்.

கொடுக்கிற தேதி மட்டும்தான் இவர்களுக்கு நகரும். பிடுங்குகிற தேதி இம்மியும் அசையாது. பதினோரு கடிதம் எழுதினேன். உங்கள் உற்சாகத்துக்கு நன்றி என்று பதினோரு பதில் வந்தது.

உமோஜாவில் எட்டுத் திரைகள் வைத்து விளையாட்டுக் கூடம் நடத்தும் முடிஸ்யாவிடம் அறிவிப்பைக் காட்டினேன். இரண்டாம் முறை படித்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாஸ், இவனுங்க இந்த ஊர்லதான பொறந்தானுங்க? பஸ்லயே ஏறாம வளந்துட்டானுங்களா?”

இங்கே கண்டக்டர் பாதி வழியில் நிறுத்தி இறங்கச் சொன்னால், காசு திரும்பக் கைக்கு வராமல் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆட்டத்திலும் அதை வைத்திருந்தார்கள். ‘இறங்க மாட்டேன்’ என்று ஒரு பொத்தான். ஒரு பயணி உட்கார்ந்திருந்தாலும் பயணம் முடியாது. தாங்கள் வைத்த விதியைத் தாங்களே மறந்திருந்தார்கள்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு நியாபோக்கேயின் வண்டியில் முப்பத்து மூன்று பேர் ஏறினோம். எட்டுப் பேர் கூடத்தில். மற்றவர்கள் கிசுமு, நகுரு என்று அவரவர் வீட்டிலிருந்து. பாதிப் பேரை எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் வண்டிகள் இருந்தன. ஒருவர் மட்டும், தன்னிடம் வண்டி இல்லை, கம்பெனி ஏமாற்றியது பிடிக்கவில்லை, அதனால் வந்ததாகச் சொன்னார்.

டவுன் வந்தது. இறங்கச் சொல்லி நியாபோக்கேயின் குரல் கேட்டது. பொத்தானை அழுத்தினேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அவள் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அழுத்தினேன்.

பன்னிரண்டே காலுக்கு என் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து ஜெலிமோ என்ற பெண். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். இந்த ஒரு வண்டியால் மூட முடியவில்லை, வலுக்கட்டாயமாக நிறுத்தினால் புது ஆட்டத்திலும் எல்லாரும் சேமித்து வைத்த ஆட்டம் கெட்டுவிடும் என்றாள்.

“தயவு செஞ்சு இறங்கிடுங்க சார்.”

“வண்டி மாத்தற வசதி எப்ப வரும்?”

“டீம் வேலை பாத்துட்டு இருக்காங்க.”

“எத்தனை பேர்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“யாரும் இல்ல சார். மே மாசமே அந்த வேலைய நிறுத்திட்டாங்க.”

“ஜூலைல எங்கிட்ட காசு வாங்கினீங்க. அப்பவும் விளம்பரத்துல அது இருந்துச்சு.”

அவள் மன்னிப்புக் கேட்டாள். பொய் சொன்னது அவளல்ல. அதனால் திட்டவில்லை, இறங்கவும் இல்லை.

அவள் சொன்னதை முடிஸ்யா எழுதி எல்லோருக்கும் அனுப்பினான், பெயரை மட்டும் விட்டுவிட்டு. மூன்று மணிக்குள் ஆயிரக்கணக்கானோர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நான்கு மணிக்குக் கம்பெனி புது அறிவிப்பு போட்டது. மூடுவது இரண்டு வாரம் தள்ளிவைப்பு; மாற்றும் வசதிக்கு ஆறு பேர் நியமனம்.

ஜெலிமோ மறுபடி அழைத்தாள். குரலில் களைப்பு.

“இப்ப இறங்கலாமே சார்?”

“தேதிதானம்மா குடுத்திருக்கீங்க. வண்டி அங்க போய்ச் சேரட்டும்.”

முடிஸ்யா ஒரு தாளை எடுத்து, யார் எந்த இருக்கையில் எத்தனை மணி வரை என்று முறை போட ஆரம்பித்தான். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் எனக்கு. ஆறு மணி வரை.